அன்டோனியோ ஜேக்கப்சன் ஒரே கப்பலைத்தான் 6000 முறை வரைந்தாரா?

கேள்வி இது: "அன்டோனியோ ஜேக்கப்சன் என்பவரின் கப்பல் ஓவியங்களை வரிசையாகப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு கப்பல், கீழே அலை, மேலே மேகம். எல்லாமே ஒரே அச்சு. வணிகக் கப்பல் வரலாற்றை இவற்றிலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்கிறார்களே, எப்படி? முதலில் இது ஓவியம்தானா?"

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கப்பலைப் பாருங்கள்.

நான் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓவிய விமர்சனம் என் துறை இல்லை. ஜேக்கப்சனின் படங்கள் எனக்குப் பிடிக்கக் காரணமும் தொழில் சம்பந்தப்பட்டதுதான். படத்தில் இருப்பது என்ன இன்ஜின், எவ்வளவு நம்பகமான இன்ஜின் என்பதை மேல்தளத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

1850-இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அப்பா வயலின் செய்பவர். பிள்ளைக்கு வைத்த முழுப்பெயர் அன்டோனியோ நிக்கோலோ காஸ்பரோ ஜேக்கப்சன். மூன்று பெயரும் இத்தாலியின் பெரிய வயலின் ஆசாரிகளுடையவை: ஸ்ட்ராடிவாரி, அமாட்டி, காஸ்பரோ ட சாலோ. டென்மார்க்கில் கொஞ்ச காலம் ஓவியம் படித்துவிட்டு, 1870-களின் தொடக்கத்தில் நியூயார்க்குக்கு வந்து இறங்கினார். வேலை இல்லை. துறைமுகத்தை ஒட்டிய பேட்டரி பூங்காவில் உட்கார்ந்து, வந்து போகும் கப்பல்களைக் கோட்டோவியமாக வரைந்துகொண்டிருந்தவரை இரும்புப் பெட்டகம் செய்யும் ஒரு கம்பெனிக்காரர் பார்த்தார். அந்தக் காலத்தில் பெட்டகத்தின் கதவில் படம் வரைந்து விற்பார்கள். ஜேக்கப்சனுக்கு முதலில் கிடைத்தது அந்தக் கதவு வேலைதான். பிறகு நியூயார்க்குக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையே கரையோரமாகக் கப்பல் விட்ட ஓல்ட் டொமினியன் கம்பெனி, தன் கப்பல்களையெல்லாம் படமாக வரைந்து தரச் சொன்னது. அதோடு அவர் வாழ்க்கை திசை பிடித்துவிட்டது. 1921-இல் இறக்கும்வரை கப்பலைத் தவிர வேறு எதையும் பெரிதாக வரையவில்லை. 6000-க்கும் மேற்பட்ட படங்கள் என்பது பொதுவான கணக்கு.

இனி "ஒரே அச்சு" என்ற உங்கள் குறை. நம் ஊரில் பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் பின்னால் ஒரு திரை தொங்கும். தாஜ்மகால், அல்லது படிக்கட்டு வைத்த மாளிகை, அல்லது அருவி. ஊரில் உள்ள அத்தனை பேரும் அதே அருவிக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அருவி சரியாக இல்லை என்று யாரும் சண்டைக்குப் போனதில்லை. முகம் சரியாக வராவிட்டால் மட்டும் காசு கொடுக்கமாட்டார்கள்.

ஜேக்கப்சனின் கடல் அந்தத் திரைதான். படத்துக்குக் காசு கொடுத்தவர் கப்பல் முதலாளி, அல்லது கேப்டன், அல்லது அந்தக் கப்பலில் வேலை பார்த்த ஓர் அதிகாரி. அவருக்கு அலையைப் பற்றிக் கவலையில்லை, அலையை வாழ்நாள் முழுக்கப் பார்த்துச் சலித்தவர். எத்தனை கொடிமரம், எந்தக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது, புகைபோக்கியில் கறுப்புப் பட்டை எத்தனை, உயிர்காப்புப் படகு பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். ஒன்று தவறினாலும் தன் கப்பல் இல்லை என்று சொல்லிவிடுவார். அதனால் ஜேக்கப்சன் கப்பலை நேரில் பார்த்து, குறிப்பெடுத்து, வரைபடம் கிடைத்தால் அதையும் வைத்துக்கொண்டு வரைந்தார். கடலையும் வானத்தையும் கைப்பழக்கத்தில் முடித்தார். பிற்காலத்தில் அந்தப் பகுதிகளில் அவருடைய பிள்ளைகளும் தூரிகை பிடித்தார்கள் என்பார்கள்.

இந்தத் தொழில் அவர் கண்டுபிடித்ததும் இல்லை. எந்தப் பெரிய துறைமுகத்திலும் கப்பல்களைப் படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஹாங்காங்கில் சீன ஓவியர்கள் வரிசையாகக் கடை வைத்திருந்தார்கள். நமக்குப் பக்கத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கல்கத்தாவில் லாய் ஃபாங் என்ற சீன ஓவியர் இதே வேலையைச் செய்தார். ஹூக்ளி நதிக்குச் சரக்கு ஏற்ற வந்த ஐரோப்பியப் பாய்க்கப்பல்களின் அருமையான படங்கள் அவருடையவை. ஜேக்கப்சனைவிட அவர் கடலை நன்றாக வரைந்தார் என்றுகூடச் சொல்வேன். ஆனால் எண்ணிக்கையில் ஜேக்கப்சனுக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது. ஒரே துறைமுகம், ஒரே கை, ஏறத்தாழ 45 ஆண்டுகள். வரலாற்றுக்கு அதுதான் வசதி. ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு எது மாறுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் மாறுவது பாய்மரம்.

1870-களில் வரைந்த நீராவிக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் புகைபோக்கி இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் மூன்றோ நான்கோ பாய்மரங்கள், குறுக்கே பருமல்கள் (பாயைத் தொங்கவிடும் குறுக்குக் கட்டைகள்), சுருட்டிக் கட்டிய பாய்கள், ஏணி போல ஏறும் கயிறுகள். இன்ஜின் இருக்கும்போது பாய் எதற்கு? பழக்கதோஷம், அழகுக்காக என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணங்கள் இரண்டு, இரண்டும் இன்ஜின் ரூமில் இருந்தன.

ஒன்று நிலக்கரி. 1838 ஏப்ரலில் சிரியஸ், கிரேட் வெஸ்டர்ன் என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் ஒரு நாள் இடைவெளியில் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தபோதே அட்லாண்டிக்கை நீராவியால் தாண்டமுடியும் என்பது தெரிந்துவிட்டது. லாபத்தோடு தாண்டமுடியுமா என்பது வேறு கணக்கு. 1840-இல் குனார்ட் கம்பெனி விட்ட பிரிட்டானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 38 டன் நிலக்கரி எரித்தது. பயணத்துக்கு 640 டன் நிலக்கரி ஏற்றவேண்டும். அதற்கு மேல் சரக்குக்கு மிஞ்சிய இடம் 225 டன். அதாவது லாரியில் பெட்ரோல் டாங்க்கே முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்ட மாதிரி. தபாலுக்காக அரசாங்கம் கொடுத்த மானியம்தான் அந்தக் கம்பெனியை நிற்கவைத்தது. காற்று வாகாக இருந்தால் பாயை விரித்து நிலக்கரியை மிச்சம் பிடிப்பது, அந்த நிலையில், முதலாளிக்கு வரும்படி.

இந்தக் கணக்கை மாற்றியது கூட்டு இன்ஜின். நீராவியை ஒரு சிலிண்டரில் தள்ளவிட்டு வெளியே விட்டுவிடுவதுதான் பழைய முறை. கரும்புச்சாறு வண்டிக்காரர் கரும்பை ஒருமுறை பிழிந்து சக்கையை எறிந்துவிடமாட்டார், மடித்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை விடுவார். அதேதான். உயர் அழுத்த நீராவியைச் சின்ன சிலிண்டரில் வேலை வாங்கி, அழுத்தம் குறைந்த பிறகு பெரிய சிலிண்டருக்கு அனுப்பி இன்னொருமுறை வேலை வாங்குவது. லிவர்பூலின் ஆல்ஃபிரட் ஹோல்ட் 1866-இல் அகமெம்னான் என்ற கப்பலில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தத்தில் இதைச் செய்தார். நடுவில் நிலக்கரி ஏற்றாமல் லிவர்பூலிலிருந்து மொரீஷியஸ் வரை, 8500 மைல், போகமுடிந்தது. மூன்றாம் முறை பிழிந்தது 1881-இல் கிளாஸ்கோவில் கட்டிய அபர்டீன். அழுத்தம் 125 பவுண்டு. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு 42 நாள், வழியில் ஒரே ஓரிடத்தில் நிலக்கரி. நீராவிக் கப்பலில் சரக்குக்கு இடம் கிடைத்தது உண்மையில் இந்த 15 ஆண்டுகளில்தான். ஜேக்கப்சன் நியூயார்க்குக்கு வந்து வரையத் தொடங்கியது இதன் நடுவில்.

இரண்டாவது காரணம் ஷாஃப்ட். அப்போது ஒரு கப்பலுக்கு ஒரு சுழலிதான் (புரொப்பெல்லர்). இன்ஜினிலிருந்து கப்பலின் பின்முனை வரை போகும் அந்த நீண்ட இரும்புத்தண்டு நடுக்கடலில் முறிந்தால் கப்பல் வெறும் மிதவை. 1892 டிசம்பரில் குனார்ட் கம்பெனியின் அம்ப்ரியாவுக்கு இது நடந்தது. கிறிஸ்துமஸ் நேரம், அட்லாண்டிக் குளிர்காலப் புயல், ஷாஃப்டில் விரிசல். தலைமை இன்ஜினியரும் ஆட்களும் நாள்கணக்கில் உள்ளே கிடந்து, துளை போட்டு, போல்ட் மாட்டி, மெதுவாக ஓட்டி, டிசம்பர் 31-ஆம் தேதி நியூயார்க் கொண்டுவந்து சேர்த்தார்கள். கப்பல் ஆடும்போது அத்தனை பெரிய இரும்பில் துளை போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவர்களை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. அம்ப்ரியாவும் அதன் ஜோடிக் கப்பல் எட்ரூரியாவும்தான் பாய் கட்டும் வசதியோடு குனார்ட் கட்டிய கடைசி விரைவுக் கப்பல்கள். அந்தப் பாய்கள் இன்ஷூரன்ஸ் மாதிரி.

1888-இல் இன்மேன் கம்பெனியின் சிட்டி ஆஃப் நியூயார்க் இரண்டு சுழலிகளோடு வந்தது. அடுத்த ஆண்டு சிட்டி ஆஃப் பாரிஸ். ஒரு ஷாஃப்ட் போனால் இன்னொன்று இருக்கிறது. 1890-இல் சிட்டி ஆஃப் பாரிஸின் ஒரு ஷாஃப்ட் உண்மையிலேயே முறிந்து, அந்தப் பக்கத்து இன்ஜின் கட்டுமீறிச் சுற்றிச் சிதறியது, தண்ணீர் உள்ளே வந்தது. ஆனாலும் கப்பல் மூழ்கவில்லை. அதன் பிறகு பயணிகள் கப்பலில் பாய் கட்டவேண்டும் என்று வாதாட யாருக்கும் காரணம் இல்லை.

இப்போது படங்களுக்கு வாருங்கள். 1870-களின் படத்தில் பாய். 1880-களில் மரமும் பருமலும் இருக்கும், பாய் பெரும்பாலும் சுருட்டியிருக்கும். 1890-களில் பருமல் காணாமல் போகும், மரம் வெறும் கம்பமாக நிற்கும், கொடிக்கும் விளக்குக்கும் சரக்குத் தூக்கும் கைகளுக்கும். 1900-க்குப் பிறகு அந்தக் கம்பங்களுக்கு நடுவே கம்பியில்லாத் தந்தியின் கம்பி ஓடத் தொடங்கும். யாரும் எழுதிவைக்காமலே இன்ஜினியர்கள் தங்கள் இன்ஜினை நம்பத் தொடங்கிய கதை அந்த மரங்களில் இருக்கிறது. ஒரே மாதிரிப் படங்கள் என்று நீங்கள் சொன்னீர்களே, ஒரே மாதிரி இருப்பதால்தான் இது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு படத்தை முன்னாலிருந்தும் இன்னொன்றைப் புயலுக்கு நடுவிலும் வரைந்திருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

இங்கே ஓர் எச்சரிக்கை. பாய் போனது பயணிகள் கப்பலில். சரக்குக்கு அது இன்னும் நெடுநாள் இருந்தது. 1869 நவம்பர் 17-ஆம் தேதி சூயஸ் கால்வாய் திறந்தது. ஐந்தே நாளில் ஸ்காட்லாந்தில் 'கட்டி சார்க்' (Cutty Sark) என்ற தேயிலைப் பாய்க்கப்பல் நீரில் இறங்கியது. பாவம், அதன் தலையெழுத்து. லண்டனுக்கும் பம்பாய்க்கும் நடுவே கடல்வழி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது, ஆனால் செங்கடல் காற்றில் பாய்க்கப்பலுக்கு அந்த வழி உதவாது. தேயிலை நீராவிக்குப் போய்விட்டது. அதற்காகக் கட்டி சார்க்கை யாரும் உடைத்துவிடவில்லை, ஆஸ்திரேலியக் கம்பளிக்கு அனுப்பினார்கள். அவசரமில்லாத, கெட்டுப்போகாத சரக்கு இருக்கும்வரை காற்றுக்குக் கூலி கிடையாது. அமெரிக்காவில் 1902-இல் தாமஸ் டபிள்யூ. லாசன் என்று ஏழு பாய்மரம் வைத்த எஃகுக் கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். பாயை ஏற்றி இறக்க நீராவி வின்ச். அதனால் அவ்வளவு பெரிய கப்பலுக்கும் இருபது பேருக்குக் குறைவான ஆட்களே போதும். 1907-இல் இங்கிலாந்தின் சில்லி தீவுகளில் எண்ணெய்ச் சரக்கோடு மோதி அழிந்தது. ஈழத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். குனார்ட் கம்பெனி பாயைக் கைவிட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து.

அடுத்து கொடி. எனக்கு ஜேக்கப்சனின் படங்களில் மிகவும் சுவாரசியமானது இதுதான், மரத்தைவிட.

ஜேக்கப்சன் இருந்தது அமெரிக்காவின் முதல் துறைமுகத்தில். அவர் படத்தில் அட்லாண்டிக் தாண்டி வரும் கப்பலின் பின்பக்கக் கொடியைப் பாருங்கள். பிரிட்டிஷ், ஜெர்மன், டச்சு, பெல்ஜியம். அமெரிக்கக் கொடி அதிகம் பறப்பது கரையோரக் கப்பல்களில்தான். ஓல்ட் டொமினியன் மாதிரி, வர்ஜீனியாவிலிருந்து காய்கறியும் நிலக்கடலையும் ஏற்றி வருபவை. கரையோர வணிகத்தில் வெளிநாட்டுக் கப்பல் நுழையக்கூடாது என்று 1817-இலேயே சட்டம் போட்டிருந்ததால் அங்கே அமெரிக்கக் கொடி பிழைத்தது. வெளிக்கடலில் அது விழுந்துவிட்டது. 1860-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு வணிகத்தில் மூன்றில் இரண்டு பங்கை அமெரிக்கக் கப்பல்கள் சுமந்தன. 1910-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாதிக் காரணம் உள்நாட்டுப் போர். தென்மாநிலங்களுக்காக இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் கட்டிய அலபாமா என்ற கப்பல் வடமாநிலங்களின் 65 கப்பல்கள் வரை பிடித்தது, பெரும்பாலானவற்றை எரித்தது. இழந்த கப்பல்களைவிடப் பெரிய சேதம் பயத்தால் வந்தது. இன்ஷூரன்ஸ் எகிறியது, முதலாளிகள் நூற்றுக்கணக்கான கப்பல்களை வெளிநாட்டுக் கொடிக்கு மாற்றிவிட்டார்கள். போர் முடிந்து திரும்பி வரலாம் என்றால், போனவர் போனவர்தான் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுவிட்டது. 1872-இல் வந்த ஜெனீவா தீர்ப்பின்படி பிரிட்டன் 155 லட்சம் டாலர் நஷ்டஈடு கட்டியது, ஆனால் கப்பல்கள் வரவில்லை. மீதிக் காரணம் இரும்பு. மரக்கப்பல் காலத்தில் அமெரிக்காவை அடிக்க ஆளில்லை. இரும்புக் கப்பலை ஸ்காட்லாந்தின் கிளைட் நதிக்கரையில் அமெரிக்காவைவிட மலிவாகக் கட்டினார்கள். வெளிநாட்டில் கட்டிய கப்பலுக்கோ அமெரிக்கக் கொடி கிடையாது என்பது அன்றைய சட்டம். அப்புறம் எங்கே வாங்குவது? இருந்த முதலும் ரயில்பாதைக்குப் போய்விட்டது.

கொடி பொய்யும் சொல்லும். ஆண்ட்வெர்ப்பிலிருந்து நியூயார்க் வந்த ரெட் ஸ்டார் கம்பெனியின் கப்பல்களில் பெல்ஜியக் கொடி பறந்தது. அதன் பின்னால் இருந்த பணம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாக்காரர்களுடையது. 1902-இல் ஜே.பி. மோர்கன் கூட்டு வைத்து வொயிட் ஸ்டார் கம்பெனியை வாங்கினார். கப்பல்களில் பிரிட்டிஷ் கொடி அப்படியே இருந்தது. அந்தக் கம்பெனியின் டைட்டானிக் ஓர் அமெரிக்க முதலாளியின் சொத்து என்பது இன்றும் பலருக்கு ஆச்சரியம். நான் வேலை பார்த்த கப்பல்களில் பனாமாக் கொடியும் லைபீரியாக் கொடியும்தான் அதிகம். அந்த நாடுகளைக் கண்ணால் பார்க்காத முதலாளிகள். இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு ரெட் ஸ்டார் கப்பலின் படத்தைக் காட்டலாம்.

புகைபோக்கி பற்றிச் சுருக்கமாக. அது கம்பெனியின் முகவரி. எழுதப்படிக்கத் தெரியாத பயணியும் தூரத்திலிருந்தே நிறத்தை வைத்துத் தன் கப்பலைக் கண்டுபிடித்துவிடுவார். குனார்டுக்குச் சிவப்பும் கறுப்பும், வொயிட் ஸ்டாருக்கு வெளிர்மஞ்சளும் கறுப்பும், ஹோல்ட் கம்பெனிக்கு நீலம், அதனாலேயே புளூ ஃபனல் என்று பெயர். அன்றைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. எந்தக் கம்பெனி எந்த ஆண்டில் என்ன சாயம் பூசியது என்று இன்று மாதிரிக் கப்பல் செய்பவர்கள் ஜேக்கப்சனிடம் போகிறார்கள் என்றால் இதனால்தான். 1897-இல் கைசர் வில்ஹெல்ம் டெர் குரோஸ என்ற ஜெர்மன் கப்பல் நான்கு புகைபோக்கியோடு வந்த பிறகு, நான்கு இருந்தால்தான் பலமான கப்பல் என்று மக்கள் நம்பத் தொடங்கினார்கள். டைட்டானிக்கின் நான்காவது புகைபோக்கியில் எந்தக் கொதிகலனின் புகையும் வரவில்லை, அது காற்றோட்டத்துக்கு வைத்தது.

சரி, இந்தப் படங்களில் இல்லாதது என்ன?

ஆள். தளத்தில் எறும்பு போல நாலைந்து புள்ளிகள் இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கப்பல்களின் வருமானம் பெரும்பகுதி கீழ்த்தளத்தில் இருந்தது. 1907-இல் மட்டும் ஏறத்தாழ 12.8 லட்சம் பேர் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் வந்தவர்கள். படத்தில் அவர்கள் கப்பலின் பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன வட்டச் சன்னல்கள். அவர்களுக்கும் கீழே நிலக்கரி அள்ளியவர்கள். 1907-இல் ஓடத் தொடங்கிய மொரிட்டானியா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 டன் நிலக்கரி தின்றது. அதை முழுக்க மனிதர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்கள். ஜேக்கப்சன் அந்தப் புகையை அழகாக, ஒரே சீராகப் பின்னால் வளைத்துவிடுவார். நான் படத்தைப் பார்க்கும்போது முதலில் புகையைத்தான் பார்ப்பேன், பழக்கம். அத்தனை சீரான புகை எந்தக் கொதிகலனிலிருந்தும் வராது.

அந்த வட்டச் சன்னல்களுக்கு ஒரு கதை உண்டு. ஜேக்கப்சன் 1880 வாக்கில் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஹோபோக்கனில், ஹட்சன் நதிக்கு மேலே இருக்கும் பாறைமேட்டில் வீடு வாங்கிக் குடியேறினார். கீழே ஹோபோக்கன் கரையில் ஜெர்மன், டச்சுக் கம்பெனிகளின் துறைகள். 1900 ஜூன் 30-ஆம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், நார்த் ஜெர்மன் லாயிட் கம்பெனியின் துறையில் பஞ்சுப் பொதிகளில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் துறைகள் முழுக்கப் பரவியது. கைசர் வில்ஹெல்ம் கப்பலை இழுவைப் படகுகள் இழுத்துக் காப்பாற்றின. சாலே, பிரேமன், மைன் என்ற மூன்று கப்பல்கள் எரிந்துகொண்டே நதியில் மிதந்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வட்டச் சன்னல் வழியே தலையையும் கையையும் நீட்டிக் கத்தினார்கள். உடல் நுழையும் அகலம் அந்தச் சன்னல்களுக்கு இல்லை. பக்கத்தில் வந்த படகுக்காரர்களால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கத்தான் முடிந்தது. மைன் கப்பலில் நிலக்கரிக் கிடங்குக்குள் பதுங்கிய சில தொழிலாளர்கள் மட்டும் பல மணி நேரம் கழித்து உயிரோடு வெளியே வந்தார்கள்.

ஜேக்கப்சனின் வீட்டுக்குக் கீழே, சில கிலோமீட்டருக்குள் நடந்தது இது. அதன் பிறகும் அவர் அதே கம்பெனிகளின் கப்பல்களில் அதே சன்னல்களை எண்ணி எண்ணி வரைந்தார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, வரையச் சொன்னவர்கள் கேட்டது கப்பலை. ஆனால் வணிகக் கப்பல் வரலாற்றை இந்தப் படங்களிலிருந்து மட்டும் படிப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சாட்சியாகப் பயன்படுத்துவதில் இன்னும் இரண்டு சிக்கல். அவர் கப்பலைப் பார்த்தது துறைமுகத்தில், காட்டியது நடுக்கடலில். அதனால் வேகம், அலை, கப்பல் நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஊகம். அதோடு, தனக்கு முந்தைய காலத்துக் கப்பல்களையும் கேட்டவர்களுக்குப் பழைய படங்களைப் பார்த்து வரைந்து கொடுத்திருக்கிறார். படத்தின் மூலையில் உள்ள ஆண்டும் கப்பல் ஓடிய ஆண்டும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தினால் நம்பலாம்.

"இது ஓவியம்தானா" என்பதற்கு என் அபிப்பிராயம்: சில படங்கள் நிச்சயமாக. 1880-களிலும் 90-களிலும் கித்தானில் வரைந்தவற்றில் ஒளி இருக்கிறது, அலை கப்பலின் அணியத்தில் (முன்முனையில்) மோதிப் பிளக்கும் இடத்தில் உண்மையான கவனம் இருக்கிறது. பிற்காலத்தில் அட்டையில் வேகவேகமாக முடித்தவற்றுக்கு அதைச் சொல்லமாட்டேன். 5 டாலருக்கு ஒரு படம் என்று கொடுத்த நாட்களும் உண்டு. அந்த விலைக்கு ஒரு மாலுமி வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகமுடிந்தது. இன்று ஏலத்தில் அவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. பெரிய தொகுப்பு ஒன்று வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓல்ட் டொமினியன் கப்பல்கள் போய்வந்த அதே கடற்கரை.

பார்க்கப் போனால் கீழ் மூலையையும் கவனியுங்கள். பெயர், ஆண்டு, அதற்குக் கீழே பல படங்களில் வீட்டு முகவரியும் எழுதியிருப்பார்: 31 பாலிசேட் அவென்யூ, வெஸ்ட் ஹோபோக்கன், நியூ ஜெர்சி. கேப்டனின் அறையில் மாட்டியிருக்கும் படத்தை இன்னொரு கப்பலின் கேப்டன் வந்து பார்த்தால், எங்கே போய்ச் சொல்லவேண்டும் என்று அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை.